காட்டைக் காட்டும் உரிமை யாருக்கு? கோபிநத்தத்தில் சஃபாரி

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், காவிரிக்கு அருகே, தமிழக எல்லையை ஒட்டிய சிற்றூர் கோபிநத்தம். 1997இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை அது மைசூர் மாவட்டத்தில் இருந்தது. வீரப்பன் பிறந்த ஊர் என்பதற்கு மேல் வெளியுலகம் அதைப் பற்றி அறிந்தது மிகக் குறைவு. அந்த ஒற்றை அடையாளமே இன்று சுற்றுலாவின் மூலதனமாகியிருக்கிறது. கர்நாடக அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் அண்டு ரிசார்ட்ஸ் இங்கு அமைத்த முகாமுக்கு ‘மிஸ்ட்ரி டிரெயில்ஸ்’, அதாவது ‘மர்மத் தடங்கள்’, என்று பெயர் சூட்டியது. அண்மை ஆண்டுகளில் வனத்துறையின் வாகனச் சஃபாரியும் இக்காட்டுக்குள் வந்துவிட்டது.

எனவே, காட்டுயிர்ச் சுற்றுலா கோபிநத்தத்துக்கு வரலாமா கூடாதா என்ற விவாதம் காலங்கடந்தது. இப்போது கேட்க வேண்டியவை வேறு. காட்டைக் காட்டுபவர் யார்? ஊரின் கதையைச் சொல்பவர் யார்? அவ்விரண்டாலும் வரும் வருவாய் யாருக்குச் சேர்கிறது? இம்மூன்றுக்கும் ‘ஊரார்’ என்ற விடை கிடைக்காத வரை, பல பத்தாண்டுகளாக அவ்வூரின் மீது பிறர் நடத்திவரும் அதிகாரத்தின் இன்னொரு வடிவமாகவே சஃபாரியும் அமையும்.

‘சஃபாரி’ என்ற சுவாகிலிச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். அதன் வேர் அரபு மொழியின் ‘சஃபர்’. காலனிய ஆட்சிக்காலத்தில்தான் அது வேட்டைப் பயணத்தைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியது. அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து விலகிய தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மேற்கொண்ட பயணம் அதன் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அவரும் அவர் மகனும் சுட்ட விலங்குகளின் எண்ணிக்கை மட்டும் ஐந்நூறைத் தாண்டியது. துப்பாக்கி பிடித்தவரின் பெயர் வரலாற்றில் நின்றது. தடம் பார்த்து விலங்கிடம் அழைத்துச் சென்றவர்களும் தலையில் சுமை சுமந்தவர்களும் பெரும்பாலும் பெயரற்றவர்களாகவே மறைந்தனர். துப்பாக்கியின் இடத்துக்குப் பின்னர் கேமரா வந்தது. ஆனால் வழிகாட்டும் அறிவுக்கும் அதன் உடைமைக்கும் இடையிலான பிளவு எளிதில் மறையவில்லை. தென்னாப்பிரிக்காவின் தனியார் விடுதிகளில், உரிமம் பெற்ற வழிகாட்டி வாகனத்தை ஓட்டிக்கொண்டே விளக்கம் சொல்வார். வாகனத்தின் முன்முனையில் பொருத்திய தனி இருக்கையில் அமர்ந்து, தடம் பார்ப்பவர் திசை காட்டுவார். அந்த இரண்டு இருக்கைகளுக்கும் இடையிலான தூரத்தில் ஒரு நூற்றாண்டின் இனவரலாறு அடங்கியிருக்கிறது.

ஆப்பிரிக்கத் தேசியப் பூங்காக்களில் தனி வழிகாட்டியுடன் செல்ல விரும்புவோர் பொதுப் பயணத்துக்கான கட்டணத்தைவிட மிகுதியாகவே செலுத்துகின்றனர். பூங்காவும் அதுவே, விலங்குகளும் அவையே. கூடுதல் தொகை உண்மையில் ஒரு மனிதரின் அறிவுக்குத் தரப்படும் விலை. மண்ணில் பதிந்த குளம்படி இன்று காலை பதிந்ததா, நேற்றையதா. மானின் எச்சரிக்கைக் குரல் சிறுத்தைக்கானதா, வெறும் அச்சமா. காற்று எத்திசையில் வீசுகிறது, யானைக் கூட்டத்தை எப்பக்கமாக அணுகலாம் என்பன போன்றவற்றை ஒருவர் நொடியில் அறிந்து சொல்கிறார். தடம் பார்த்தலே அறிவியல் சிந்தனையின் தோற்றுவாயாக இருந்திருக்கக்கூடும் என்று, கலஹாரி வேட்டைச் சமூகங்களோடு பழகிய லூயிஸ் லீபென்பெர்க் 1990இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். கண்ணுக்குத் தெரியும் சிறு குறிகளைக் கொண்டு தெரியாத ஒன்றைப் பற்றிக் கருதுகோள் அமைப்பதும், அடுத்த குறியைக் கொண்டு அதைத் திருத்திக்கொள்வதும்தான் அக்கலையின் சாரம். அவ்வாறாயின் அந்த அறிவை உடையவரை உதவியாளர் என்று கருதுவது தவறு, அவர் ஆசிரியர்.

இக்கருத்து வேறெந்தக் காட்டையும்விடக் கோபிநத்தத்துக்குப் பொருந்தும். மசாய் மாராவின் புல்வெளியில் சிங்கம் தொலைவிலேயே தெரியும். கபினியின் நீர்க்கரையில் கோடையில் யானைகள் கூட்டமாய்த் திரளும். 1987இல் அறிவிக்கப்பட்ட காவிரி வன உயிரினச் சரணாலயம் அப்படிப்பட்ட திறந்த அரங்கு அன்று. ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த அக்காட்டின் பெரும்பகுதி முட்புதர்களும் இலையுதிர் மரங்களும் அடர்ந்த வறண்ட மேட்டுநிலம். நீண்ட காலம் வேட்டைக்கும் துப்பாக்கி ஓசைக்கும் ஆளான காட்டில் விலங்குகள் மனித வாடையை அறிந்ததும் ஒதுங்கிவிடும். ஜீப்பில் விரைபவர் ‘என்ன பார்த்தோம்’ என்ற கணக்கோடு வந்தால், புழுதியைத் தவிரப் பெரிதாக எதுவும் கிடைக்காமல் திரும்ப நேரலாம்.

ஆனால் ஆற்றங்கரை மருத மரங்களில் தாவும் சாம்பல் நிற மலை அணில், பாறை இடுக்கில் குட்டிகளோடு திரியும் நீர்நாய், மணல்திட்டில் வெயில் காயும் முதலை, ஆச்சா மரங்களின் நிழலில் யானை உரசிச் சென்ற சேற்றுத் தடம் ஆகியவற்றைப் பார்க்க, எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் பேசாதிருக்க வேண்டும் என்று அறிந்த ஒருவர் உடன்வர வேண்டும். மாடு மேய்த்தவரும் தேன் எடுத்தவரும் வனக் காவலராக இரவுகளைக் காட்டில் கழித்தவரும்தான் அதை அறிவர். அவர்களுடைய அறிவு பெரும்பாலும் தமிழில் இருக்கிறது. மரத்தின் பெயர், ஓடையின் பெயர், யானை இறங்கும் சரிவின் பெயர் யாவும் அம்மொழியில்தான் வழங்குகின்றன. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்படும் விளக்கப் பலகைகளில் அப்பெயர்கள் விடுபட்டால், காட்டைப் பற்றிய அறிவின் ஒரு பகுதியும் அவற்றோடு விடுபடும்.

அடுத்தது கதை. ‘மர்மம்’ என்ற சொல் வெளியூரிலிருந்து வருபவருக்குக் கவர்ச்சியாக இருக்கலாம். அந்த ஆண்டுகளை வாழ்ந்து கடந்தவர்களுக்கு அதில் மர்மம் ஏதுமில்லை. நடந்தவை அனைத்தையும் அவர்கள் பெயரோடும் நாளோடும் அறிவார்கள். அந்த நினைவில் குறைந்தது மூன்று இழைகள் உண்டு.

முதலாவது, பி. சீனிவாஸ் என்ற வனத்துறை அதிகாரி. இந்திய வனப்பணியைச் சேர்ந்த அவர், கோபிநத்தத்து மக்களை வீரப்பனின் ஆள்கள் என்று நோக்காமல் வறுமையில் சிக்கிய குடிகளாக நோக்கினார். ஊரிலேயே தங்கினார், மருத்துவ உதவிக்கு வழி செய்தார், மக்களோடு சேர்ந்து மாரியம்மன் கோயில் எழுப்பினார். சரணடைவதாகச் சொல்லி வரவழைத்த வீரப்பன் 1991 நவம்பர் 10 அன்று அவரைக் கொன்றான். அவருக்குக் கீர்த்தி சக்ரா விருது மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அரசு அதிகாரி ஒருவரை ஓர் ஊர் இவ்வளவு அன்போடு நினைவில் வைத்திருப்பது அரிது.

இரண்டாவது, வீரப்பனும் அவன் கூட்டத்தாரும் செய்தவை: யானைத் தந்தத்துக்கும் சந்தனத்துக்குமாகக் காடு இழந்தவை, துப்புச் சொன்னதாகக் கருதப்பட்டவர்களின் கொலைகள், 1993 ஏப்ரல் 9 அன்று பாலாறு அருகே 22 பேரைப் பலிகொண்ட கண்ணிவெடி.

மூன்றாவது, அதற்குப் பின் தேடுதல் என்ற பெயரில் ஊர்கள் மீது நடந்தவை. இரு மாநில அதிரடிப் படைகளும் நடத்திய விசாரணைகளில் சித்திரவதையும் பாலியல் வன்கொடுமையும் நிகழ்ந்ததாக எழுந்த புகார்களை விசாரிக்க, தேசிய மனித உரிமைகள் ஆணையம் நீதிபதி ஏ. ஜே. சதாசிவா தலைமையில் குழு அமைத்தது. அதன் அடிப்படையில் 2007 ஜனவரியில் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் இழப்பீடு வழங்குமாறு ஆணையம் கூறியது. தடாச் சட்டத்தின் கீழ் நூற்றுக்கும் மேற்பட்டோர் மைசூர்ச் சிறப்பு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்கைச் சந்தித்தனர். பெரும்பாலோர் இறுதியில் விடுவிக்கப்பட்டனர்.

சுற்றுலாவின் இயல்பு இரண்டாவது இழையை மட்டும் உருவி எடுப்பதுதான். மீசையும் துப்பாக்கியும் விற்கும். சதாசிவா குழுவின் முன் சாட்சி சொன்ன பெண்ணின் மௌனம் விற்காது. எழுதித் தந்த வாசகத்தை ஒப்பிக்கும் கூலியாளாக வழிகாட்டி இருக்கும் வரை, மற்ற இரண்டு இழைகளும் பயணிகளின் காதில் விழப்போவதில்லை. எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று தீர்மானிக்கும் உரிமை ஊருக்கு வேண்டும். சில வீடுகளைப் படம் எடுக்கக் கூடாது என்று மறுக்கும் உரிமையும் அதில் அடங்கும். துன்பப்பட்டவர் தம் துன்பத்தைக் காட்சிக்கு வைக்கக் கடமைப்பட்டவர் அல்லர்.

இத்தகைய உரிமை நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை என்பார்க்கு ஆப்பிரிக்காவே விடை தருகிறது. தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவின் வடகோடியில், லிம்போபோ, லுவுவு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலத்தில் மகுலேகே மக்கள் வாழ்ந்தனர். நிறவெறி அரசு 1969இல் அவர்களை அங்கிருந்து வெளியேற்றி, நிலத்தைப் பூங்காவோடு இணைத்தது. நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின், 1994ஆம் ஆண்டின் நில மீட்புச் சட்டத்தின் வழியே அவர்கள் வழக்காடினர். 1998இல் இருபதாயிரம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட அந்நிலம் அவர்களின் உடைமையாயிற்று. ஆனால் அவர்கள் காட்டை அழித்து வயலாக்கவில்லை. உடன்படிக்கையின்படி அது காட்டுயிர்களுக்கான நிலமாகவே நீடிக்கிறது. பூங்கா நிர்வாகத்தோடு சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அதை மேலாண்மை செய்கிறது. தனியார் விடுதிகள் குத்தகைத் தொகையை மக்களின் சங்கத்துக்குச் செலுத்துகின்றன. இன்று க்ரூகருக்குத் தனி வழிகாட்டியோடு செல்லும் பயணி அப்பகுதியில் நுழைந்தால், அவர் மகுலேகே மக்களின் விருந்தாளி. நமீபியா 1996இல் இயற்றிய சட்டமும் இதே திசையில் சென்றது. ஊர்ச் சமூகங்கள் தாமே காட்டுயிர்ப் பகுதிகளை அமைத்து, சுற்றுலா வருவாயைப் பெற அது வழிவகுத்தது.

ஆப்பிரிக்காவின் மறுமுகத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தான்சானியாவின் லோலியோண்டோவில் 2022 ஜூனில், காட்டுயிர்ப் பகுதிக்கு எல்லை நடும் பணியை எதிர்த்த மசாய் மக்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. பயணிகளுக்கான விளம்பரப் படங்களில் சிவப்புப் போர்வையோடு நிற்கும் அதே மக்கள்தாம் அவர்கள். அடையாளத்தை விற்றுக்கொண்டே அடையாளத்துக்குரியவரை அப்புறப்படுத்த முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இந்தியாவில் இதற்கு முன்னுதாரணங்கள் இல்லாமலில்லை. கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகத்தில் வயண மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக வெட்டி விற்றவர்கள், 1990களின் பிற்பகுதியில் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர். அவர்களை அழைத்துக்கொண்டு காட்டுக்குள் நடப்பதுதான் இன்று தேக்கடியின் சிறந்த அனுபவங்களுள் ஒன்று. கோபிநத்தம் இருக்கும் அதே சாமராஜநகர் மாவட்டத்தில், பிளிகிரிரங்கன் மலையின் சோளகர்கள் 2011இல் சமூக வன உரிமைகளைப் பெற்றனர். புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அவ்வுரிமை ஏற்கப்பட்ட முதல் நேர்வு அது.

அதே சட்டம் கோபிநத்தத்துக்கு எளிதில் கைகொடுக்காது என்பதில்தான் சிக்கல். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பட்டியல் பழங்குடியினர் அல்லாத வனவாசிகள் உரிமை கோர வேண்டுமானால், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறைகள், அதாவது 75 ஆண்டுகள், அவ்விடத்தில் வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும் என்கிறது. கணக்கிட்டால் 1930ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அன்று கோபிநத்தம் மைசூர் சமஸ்தானத்தில் இல்லை. அது அடங்கியிருந்த கொள்ளேகால் வட்டம் சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956இல் மாநிலங்கள் மொழிவழி சீரமைக்கப்பட்டபோதுதான் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. ஆக, கர்நாடக அலுவலகத்தில் உரிமை கோரும் ஒரு குடும்பம், தன் சான்றைச் சென்னை மாகாண ஆவணங்களில் தேட வேண்டியிருக்கிறது. மாநில எல்லை நகர்ந்தது, மக்கள் நகரவில்லை. இருந்தும் மெய்ப்பிக்கும் சுமை மக்களின் தோளில்தான் விழுந்திருக்கிறது.

எதிர்வாதங்களையும் எண்ணிப்பார்க்க வேண்டும். வேட்டைப் பின்னணி கொண்ட ஊரை நம்பிக் காட்டை ஒப்படைக்கலாமா என்பது ஒன்று. காட்டுயிரால் இழப்பை மட்டுமே காணும் மக்கள் என்ன செய்வர் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்றுண்டு. அண்டையிலுள்ள மலை மாதேஸ்வரர் வன உயிரினச் சரணாலயத்தில் 2025 ஜூனில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் நஞ்சால் இறந்து கிடந்தன. புலி அடித்த மாட்டின் உடலில் நஞ்சு வைக்கப்பட்டிருந்தது. அச்செயலுக்கு நியாயம் கற்பிக்க இயலாது. ஆனால் மாட்டை இழந்தவருக்குப் புலியால் கிட்டும் நன்மை எதுவுமே இல்லாத ஓர் ஏற்பாட்டைச் சட்டத்தால் மட்டும் நெடுங்காலம் காக்கவும் இயலாது. பெரியாற்றின் பட்டறிவு இதைத்தான் கற்பிக்கிறது.

சுற்றுலாவே காட்டுக்குத் தீங்கு என்பது இன்னொரு வாதம். அதில் உண்மை இருக்கிறது. புலி தாக்கி மனிதர் இறந்த நிகழ்வுகளுக்குப் பின், 2025 நவம்பரில் பந்திப்பூரிலும் நாகரஹொளேயிலும் சஃபாரியைக் கர்நாடக அரசு நிறுத்திவைத்தது. அப்பணியாளர்களை மனித, விலங்கு மோதலைத் தடுக்கும் வேலைக்குத் திருப்பியது. வாகன எண்ணிக்கையைக் கூட்டி வருவாயைப் பெருக்கும் வழி கோபிநத்தத்துக்கு ஏற்றதன்று. அதனால்தான் இங்கு தனி வழிகாட்டி முறை பொருந்துகிறது: குறைந்த பயணிகள், கால்நடைப் பயணம், மிகுந்த கட்டணம். வாகனங்களைப் பெருக்கினால் வருவாய் ஓட்டுநருக்கும் எரிபொருளுக்கும் போகும். அறிவுக்கு விலை வைத்தால் அது அறிவுடையவரைச் சேரும்.

மூன்றாவது வாதம் மிகக் கடினமானது. ‘ஊர்’ என்பது ஒருமித்த பொருளா? அங்கும் நிலமுடையோர், நிலமற்றோர், ஆண்கள், பெண்கள், சாதிகள் என்ற பிரிவுகள் உண்டு. வருவாய் ஊருக்கு வந்தாலும் அது வலியவர் சிலரிடம் தேங்கலாம். இதற்காக உரிமையை மறுப்பது தீர்வாகாது. கிராம சபையில் கணக்கை வெளிப்படையாக வைப்பதும், வழிகாட்டிகளாகப் பெண்களையும் பயிற்றுவிப்பதும், குத்தகை ஒப்பந்தத்தைத் தமிழிலும் கன்னடத்திலும் ஊரார் படிக்கும் வகையில் எழுதுவதுமே தீர்வின் தொடக்கம்.

வேண்டுவன சிலவே. பயணக் கட்டணத்தில் ஒரு நிலையான பங்கு கிராம சபைக்குச் சேர வேண்டும். வழிகாட்டிகளுக்குத் தினக்கூலிக்கு மாறாக, உரிமமும் காப்பீடும் ஓய்வூதியமும் கொண்ட பணிநிலை வேண்டும். முகாமின் பெயரும் அங்கு சொல்லப்படும் வரலாறும் ஊராரின் ஒப்புதலோடு அமைய வேண்டும். வன உரிமைக் கோரிக்கைகளை ஆராயும்போது 1956க்கு முற்பட்ட கோயம்புத்தூர் மாவட்ட ஆவணங்களை அரசே வரவழைத்துப் பார்க்க வேண்டும்.

கல்விப்புலத்துக்கும் இதில் பங்குண்டு. வீரப்பனைப் பற்றி நூல்களும் படங்களும் தொடர்களும் வந்துகொண்டேயிருக்கின்றன. கோபிநத்தத்து மக்கள் தாவரங்களுக்கும் ஓடைகளுக்கும் விலங்குத் தடங்களுக்கும் வழங்கும் பெயர்களைத் தொகுத்த ஓர் அகராதி வேண்டும். கொள்ளேகால் வட்டத்தின் பழைய நில ஆவணங்களை ஊர்வாரியாக வரிசைப்படுத்தும் ஆய்வேடு ஒன்று அவ்வூர்க் குடும்பங்களுக்கு நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரான பயனைத் தரக்கூடும். மைசூரிலும் கோவையிலும் தருமபுரியிலும் உள்ள பல்கலைக்கழக, கல்லூரி மாணவர்களுக்கு இவை அருகிலேயே காத்திருக்கும் ஆய்வுத் தலைப்புகள். 1930ஐ நினைவில் வைத்திருக்கும் முதியோரின் மக்களே இன்று முதுமையை அடைந்துவிட்டனர். வாய்மொழிச் சான்றுகளைப் பதிவு செய்ய எஞ்சியிருக்கும் காலம் மிகக் குறுகியது.